ஆர்கேடியாவின் பேரப்பிள்ளை: ஒன்பது நாள் கடல் டயரி

முதல் நாள் – சவுத்ஹாம்ப்டன்

“என்ன தம்பி, புகைபோக்கி நீலமாக் கிடக்கு? மஞ்சளெல்லோ இருந்தது.”

டாக்சியால் இறங்கி, ஊன்றுகோலை ஊன்றி, தலையை நிமிர்த்தியதும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். அம்மாவின் மூத்த அண்ணர். வயது 84. யாழ்ப்பாணத்துக் கப்பலோட்டிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவர். 1961-இல் கொழும்பில் ஏறி லண்டனுக்கு அருகே டில்பரித் துறையில் இறங்கினார். படிக்க வந்தவர், அப்படியே லண்டனில் தங்கிவிட்டார். அன்று அவர் ஏறி வந்த கப்பல் ஆர்கேடியா. பி அண்ட் ஓ கொம்பனியின் கப்பல். இன்றைக்கு நாங்கள் ஏறுவதும் பி அண்ட் ஓ கொம்பனியின் ஆர்கேடியாதான். ஆனால் அது வேறு, இது வேறு.

இதை மூன்று மாதமாக அவருக்குச் சொல்லி வருகிறேன். “தெரியும், தெரியும்” என்பார். ஆனாலும் துறைமுகத்தில் நின்று அவர் தேடியது அந்தப் பழைய மஞ்சள் புகைபோக்கியைத்தான். நீலம் வந்து அதிக காலமில்லை. 2014-இல்தான் இந்தக் கொம்பனி தன் கப்பல்களின் புகைபோக்கிகளை நீலமாக்கி, அணியத்தில், அதாவது முன்முனையில், பிரித்தானியக் கொடியைப் பெரிதாகத் தீட்டப்போவதாக அறிவித்தது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. “கடை விளம்பரம் மாதிரி இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாமாவின் ஆர்கேடியா 1954-இல் ஓடத் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் ஜோன் பிரவுண் கட்டியது. 29,734 தொன், 220 மீற்றர் நீளம். இப்போது எங்கள் முன்னால் நிற்பது 2005-இல் வெனிஸ் பக்கம் கட்டப்பட்டது. 84,000 தொன்னுக்கு மேல், நீளம் 285 மீற்றரைத் தாண்டும். (தொன் என்றால் இங்கே எடையில்லை. கப்பலின் உள்ளிடம் எவ்வளவு என்கிற கணக்கு. இது தெரியாமல் நான் பல வருடம் யாருக்கோவெல்லாம் பிழையாக விளக்கியிருக்கிறேன்.) இந்தக் கொம்பனிக்கு இது நான்காவது ஆர்கேடியா. முதலாவது 1888-இல், இரண்டாவது மாமாவினது, மூன்றாவது 1997-இல், நான்காவது இது.

தமிழ்நாட்டில் பேரன் என்றால் பிள்ளையின் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கத்தில், பெயரைக் கொடுத்தவரும் பெயரன், வாங்கியவரும் பெயரன். இந்தக் கப்பல்காரரும் அதே வழக்கத்தில் ஊறியவர்கள். அரோரா, ஓரியானா, பிரிட்டானியா, ஓஷியானா என்று பழைய பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

பின்னேரம் நாலரைக்கு நங்கூரம் எடுத்தோம். வெளியே வரும் வழியில் அயோனா நின்றது. அதுவும் இதே கொம்பனிதான்: 184,000 தொன், 5,200 பயணிகள். பார்க்க அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெயர்த்துத் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. மாமா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இரண்டாம் நாள் – பிஸ்கே விரிகுடா

காலையில் நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. மாமா எழும்பி, குளித்து, கோப்பிக்கும் போய்விட்டு வந்து, “என்ன, வல்வெட்டித்துறை இரத்தம் எண்டு சொல்லுவாய், கிடக்கிற கிடையைப் பார்” என்றார். இரத்தம் சரிதான். வயிறுதான் லண்டன் ஹரோவில் வளர்ந்தது.

மத்தியானம் கப்டன் ஒலிபெருக்கியில் வந்தார். எங்கே நிற்கிறோம், காற்று எந்தப் பக்கம், அடியில் ஆழம் எவ்வளவு என்று அறிவிப்பது இந்தக் கப்பல்களில் ஒரு சடங்கு. ஆழம் நாலாயிரம் மீற்றருக்கு மேல் என்றதும் எனக்கு வயிறு இன்னொருமுறை புரண்டது.

கைத்தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்ற மறந்துபோனேன். கடலில் அது கப்பலின் செய்மதி வலையமைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க எங்கள் குடும்பக் குழுவில் யாரோ பிறந்தநாள் வீடியோக்கள் அனுப்பியிருக்கிறார்கள். பில் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்காரி இதையும் வாசிப்பாள்.

இந்தக் கொம்பனியின் சுற்றுலா வரலாறு ஒரு பொய் விளம்பரத்தில் தொடங்குகிறது. நிறுவனர் இருவரில் ஒருவரான ஆர்தர் அண்டர்சன், ஷெட்லாந்துத் தீவில் பிறந்தவர். ‘ஷெட்லாந்து ஜேர்னல்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1835-இல் முதல் இதழில் இடம் நிரப்புவதற்காகக் கற்பனை விளம்பரங்கள் எழுதினார். அதில் ஒன்று, ஷெட்லாந்து, ஐஸ்லாந்து, பரோ தீவுகளைக் கப்பலில் சுற்றிப் பார்க்கலாம் என்றது. அப்படி ஒரு கப்பலே இல்லை. வேலைக்காக இல்லாமல், வெறுமனே பார்ப்பதற்காகக் கடலில் போவது அன்றைக்குப் பலருக்கும் வேடிக்கையாக இருந்திருக்கும். ஒன்பது வருடம் கழித்து, 1844-இல், அதே மனிதரின் கொம்பனி சவுத்ஹாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு உண்மையாகவே சுற்றுலா விட்டது.

இரவு, உடுத்திக்கொண்டு போக வேண்டிய விருந்து. ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் வில் கட்டிய கழுத்துப்பட்டியும். மாமா பெட்டிக்குள்ளிருந்து பட்டுக்கரை வேட்டி, நேஷனல் சட்டை, சால்வை மூன்றையும் எடுத்தார். சொந்த நாட்டு உடுப்பும் ஏற்கத்தக்கது என்று கொம்பனியின் தாளிலேயே போட்டிருக்கிறது, வாசித்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்றார். கப்பல் ஆடுகிறது, படிக்கட்டில் வேட்டி தடுக்கும் என்று நான் பயந்தேன். இடது கையால் கரையைச் சற்றே தூக்கிப் பிடித்து, வலது கையில் ஊன்றுகோலோடு, ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து, மாமா சாப்பாட்டு மண்டபத்துக்கு என்னைவிட நேராக நடந்தார்.

மேசையில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பாட்டி அவரைப் பார்த்து “முதல் முறையா கப்பலில்?” என்றார்.

“இதே கப்பலில் இரண்டாவது முறை” என்றார் மாமா. நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் – வீகோ

ஸ்பெயினின் வடமேற்கு முனை. மழைத்தூறல். துறைமுகத்துக்கு எதிரே சிப்பி விற்கும் சந்து, அதற்கு மேலே கோட்டைக் குன்று. மாமா குன்றை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிப்பியைத் தேர்ந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து ஆறு சாப்பிட்டார். நான் அப்பமும் கோப்பியும்.

பி அண்ட் ஓ என்பதில் முதல் எழுத்து ‘பெனின்சுலர்’, அதாவது தீபகற்பம். நம்மில் பலர் அது இந்தியத் தீபகற்பம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான். அது இந்த ஐபீரியத் தீபகற்பம். 1837 ஆகஸ்ட்டில் பிரித்தானிய அரசு இவர்களுக்குக் கொடுத்த தபால் ஒப்பந்தத்தின் வழி இது: பால்மத்தில் தொடங்கி, வீகோ, ஒப்போர்ட்டோ, லிஸ்பன், காடிஸ், ஜிப்ரால்ட்டர். எங்கள் பயணச்சீட்டில் உள்ள ஊர்கள் அநேகமாக அதே வரிசையில். விற்றவர்கள் இதை வேண்டுமென்று செய்தார்களா தெரியாது. நான் பதிவு செய்தது மலிவாக இருந்ததால்.

நான்காம் நாள் – லிஸ்பன்

விடிய ஐந்தரைக்கு மேல்தளத்தில் நூறு பேர் போர்வையோடு நின்றார்கள். தேஜோ ஆற்றுக்குள் கப்பல் நுழைகிற நேரம். இடது பக்கம் பெலெம் கோபுரம் மங்கலாக வந்து போனது. அப்புறம் ஏப்ரல் 25 பாலம். பாலத்தின் அடி கிட்ட வரவர, புகைபோக்கி இடிக்கத்தான் போகிறது என்று கண் சத்தியம் செய்கிறது. இடிக்கவில்லை. தண்ணீரிலிருந்து பாலத்துக்கு 70 மீற்றர் உயரம் இருக்கிறது. தலைக்கு மேலே கார்கள் இரும்புத் தட்டி மேல் ஓடுகிற சத்தம், பெருந்தேனீக் கூடு ஒன்று கிளம்பிய மாதிரி. பாலம் கட்டி முடித்தது 1966-இல்.

பின்னேரம் அல்பாமாச் சந்துகளில் ஏறி இறங்கிக் களைத்து வந்து, கப்பலின் கொடிமரத்தைப் பார்த்தபடி மாமாவுக்குக் கொடியின் கதையைச் சொன்னேன். கொடியில் நான்கு முக்கோணங்கள்: வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு. நீலமும் வெள்ளையும் போர்த்துக்கல் அரச குடும்பத்தின் நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையவை. 1830களில் இந்த இரண்டு நாட்டிலும் வாரிசுச் சண்டை. இரண்டு இடத்திலும் ஒரு சிறுமிதான் அரியணைக்கு உரியவள், இரண்டு இடத்திலும் அவளுக்கு எதிராக நின்றவர் அவளுடைய சித்தப்பா. வில்கொக்ஸ், அண்டர்சன் என்ற இரண்டு லண்டன் கப்பல் தரகர்கள் அந்த இரண்டு அரசிகளின் பக்கம் நின்று, கப்பலும் ஆயுதமும் ஏற்பாடு செய்தார்கள். அரசிகள் வென்றார்கள், கொம்பனிக்கு வியாபாரம் வந்தது.

“எந்தப் பக்கம் வெல்லும் எண்டு பார்த்து நிண்டிருக்கிறாங்கள்” என்றார் மாமா. அதே வில்கொக்ஸின் முதல் பெயரான ப்ரோடி இன்றைக்கு இந்தக் கொம்பனிக் கப்பல்கள் சிலவற்றில் மதுக்கூடத்தின் பெயர். அண்டர்சன் பெயரிலும் அரோராவில் ஒன்று உண்டு.

ஐந்தாம் நாள் – காடிஸ்

வெயில். மாமா இறங்கவில்லை. நான் இறங்கி, கதீட்ரல் முற்றத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து, பொரித்த மீன் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். கப்பலுக்குள் மீன் கொண்டு போகக்கூடாதாம். வாசலில் நின்றே முடித்தேன்.

ஆறாம் நாள் – தரீபா, ஜிப்ரால்ட்டர்

நாலரைக்கு மாமா என்னை எழுப்பினார். தரீபா வெளிச்சவீட்டைப் பார்க்க வேண்டுமாம். இது என் பிழை. நேற்று இரவு டொன் ஹுவான் கதையைச் சொல்லிவிட்டேன்.

டொன் ஹுவான்தான் அன்று கொம்பனியின் ஆகப் பெரிய, ஆகப் புதிய கப்பல். 1837 செப்டெம்பரில் தன் முதல் தபால் பயணத்தில் ஜிப்ரால்ட்டரிலிருந்து திரும்பும்போது, மூடுபனியில் இந்தத் தரீபா முனையில் பாறையில் ஏறிவிட்டது. அண்டர்சனும் மனைவியும் கப்பலில் இருந்தார்கள். உயிரும் தபாலும் தப்பின. கப்பல் போனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கே கொம்பனி முடிந்திருக்க வேண்டும்.

இருட்டில் வெளிச்சவீட்டின் கீற்று சுற்றிச் சுற்றி எங்கள் மேல் வந்தது. வலது பக்கம் ஆபிரிக்கா, இடது பக்கம் ஐரோப்பா. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்டைக்கு இதால இரவில கடந்தனாங்கள். வெளிச்சம் மட்டும்தான் கண்டது” என்றார்.

விடிந்து, ஜிப்ரால்ட்டர்ப் பாறை அடியில் கப்பல் கட்டியபின், தேத்தண்ணியோடு உட்கார்ந்து அவர் சொன்னது பெரும்பாலும் போர்ட் செய்ட் பற்றி. சூயஸ் கால்வாய் வாசலில் மந்திரவித்தைக்காரர்கள் கப்பலுக்குள் ஏறுவார்கள். ‘கல்லி கல்லி’ என்று கத்திக்கொண்டே கோழிக்குஞ்சுகளை எடுப்பார்கள். ஒருவன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தான். “இருபது வயசு. அம்மா தைச்சுத் தந்த சட்டை. பைக்குள்ள மஞ்சளா ஒண்டு துடிக்குது. நான் பயந்து கத்திப்போட்டன். சிரிச்சாங்கள்.”

‘ஓ’ எழுத்தின் கதை இந்தப் பாறையிலிருந்து கிழக்கே தொடங்குகிறது. 1840-இன் கடைசி நாள் அரச பட்டயம் கிடைத்து ‘ஓரியண்டல்’ சேர்ந்தது. 1842-இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. கால்வாய் இல்லாத காலம். பயணிகள் அலெக்சாந்திரியாவில் இறங்கி, நைல் நதியால் கெய்ரோ போய், அங்கிருந்து குதிரை வண்டியில் பாலைவனம் கடந்து சூயஸில் அடுத்த கப்பலைப் பிடிப்பார்கள். அந்தக் கப்பல்களுக்கு வேண்டிய நிலக்கரி ஒட்டகத்தில் போகும். சூயஸில் ஏறினால் ஏடன், காலி, சென்னை, கல்கத்தா. காலித் துறைமுகம் அவர்களுக்கு நிலக்கரிக் கிடங்கு. கொழும்பில் அலைதாங்கி கட்டிய பிறகு, 1880களில், காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு மாறினார்கள். மாமா ஏறிய துறை அப்படி வந்தது.

1869-இல் கால்வாய் திறந்தது. உலகமே கொண்டாடியபோது இந்தக் கொம்பனி நொடித்தது. தரை வழிக்காகக் கட்டிய விடுதிகளும், கிடங்குகளும், கால்வாய்க்குப் பொருந்தாத கப்பல்களும் ஒரே நாளில் வீண். போதாததற்கு, தபாலைப் பழையபடி தரை வழியே கொண்டுபோ என்று தபால் இலாகா 1874 வரை பிடிவாதம் பிடித்தது. கப்பல் கால்வாயால் போகும், தபால் பை மட்டும் இறங்கி ரயிலில் போய் மறுபக்கம் ஏறும். கொம்பனியைத் தூக்கி நிறுத்தியவர் தோமஸ் சதர்லண்ட். ஹொங்கொங்கில் இருந்தபோது 1865-இல் எச்எஸ்பிசி வங்கியைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

இதே வழியில் அபினியும் போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபினிப் பெட்டிகள் ஏற்றிய கப்பல்களில் இவர்களுடையவையும் உண்டு. பழைய கப்பல் படங்களைப் பார்த்து மனம் நெகிழும்போதெல்லாம் இதையும் நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘ரஜூலா’ கப்பல் பற்றிச் சொல்லியிருப்பார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை ஓடியது. அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கொம்பனி 1914-லிலேயே பி அண்ட் ஓவின் கைக்குள் வந்துவிட்டது. ஆக, மலாயாவுக்குத் தளத்தில் பாய் விரித்துப் போனவர்களும், என் மாமாவும் ஒரே முதலாளிக்குத்தான் காசு கட்டினார்கள். காந்தி 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன ராஜ்புதானாவும் இவர்கள் கப்பல்தான்.

பாறை மேல் இருக்கும் குரங்குகளைப் பார்க்கப் போகவில்லை. மாமா “ஊரில பார்க்காத குரங்கோ” என்றுவிட்டார்.

ஏழாம் நாள் – கடல்

இன்றைக்குக் கேள்வி: “அந்தக் கப்பல் எங்க போனது?”

இதை அவரிடம் சொல்ல வேண்டி வரும் என்று தெரியும். பார்த்து வைத்திருந்தேன். 1979-இல் தைவானின் கவ்ஷியுங்கில் உடைத்தார்கள். 25 வருடம் ஓடியது. மாமா தலையாட்டினார். “நான் அப்ப ஹரோவில வீடு வாங்கின வருசம்” என்றார்.

அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான் போனது. விமானம் வந்தது. மூன்று கிழமைப் பயணம் ஒரு நாளில் முடிந்தது. 1972-இலிருந்து மூன்று வருடத்துக்குள் ஐபீரியா, சூசான், ஓர்சோவா, ஹிமாலயா எல்லாம் உடைக்கும் கரைக்கு. 1961-இல் பெல்பாஸ்டில் கட்டி முடித்த கான்பெரா தப்பியது ஆச்சரியம். 45,000 தொன். இயந்திரங்களைப் பின்னால் கடையாரில் வைத்துக் கட்டிய, அந்தக் காலத்துக்குப் புதுமையான கப்பல். ஆஸ்திரேலியாவுக்குப் பத்துப் பவுண் கட்டிக் குடியேறியவர்களை ஏற்றத் தொடங்கி, அந்தக் கூட்டம் வற்றியதும் உல்லாசக் கப்பலாக மாறி, 1982-இல் போக்லாந்து யுத்தத்துக்குப் படையினரை ஏற்றிப் போய், வெள்ளை உடம்பெல்லாம் துருவோடு சவுத்ஹாம்ப்டனுக்குத் திரும்பி வந்தது. 1997-இல் பாகிஸ்தானின் கடானிக் கரையில் ஏற்றினார்கள்.

கான்பெரா போன இடத்துக்கு வந்ததுதான் மூன்றாவது ஆர்கேடியா. அதன் சாதகத்தைக் கேளுங்கள். ஃபேர் மெஜஸ்டி என்ற பெயரில் கட்டச் சொல்லப்பட்டு, ஸ்டார் பிரின்சஸ் என்று 1989-இல் ஓடி, ஆர்கேடியா ஆகி, ஓஷன் வில்லேஜ் ஆகி, பசிபிக் பேர்ல் ஆகி, கொலம்பஸ் ஆகி, 2021-இல் குஜராத்தின் அலாங் கரையில் முடிந்தது. ஆறு பெயர், ஓர் உடம்பு.

நாங்கள் இருக்கும் இந்தக் கப்பலுக்கும் இது முதல் பெயர் இல்லை. ஹாலந்து அமெரிக்கா லைனுக்காகத் திட்டமிட்டது. பிறகு க்யூனார்ட் என்ற இன்னொரு கப்பல் கொம்பனிக்கு மாற்றி ‘குயீன் விக்டோரியா’ என்றார்கள். 2004-இல் மறுபடி மனம் மாறி, பி அண்ட் ஓவுக்குக் கொடுத்து ஆர்கேடியா ஆக்கினார்கள். க்யூனார்டின் உண்மையான குயீன் விக்டோரியா 2007-இல் வேறாக வந்தது. எப்படி இப்படிப் பந்தாட முடிகிறது என்றால், எல்லாக் கொம்பனிக்கும் ஒரே சொந்தக்காரர். 2000-இல் உல்லாசக் கப்பல்களைத் தாய்க் கொம்பனியிலிருந்து பிரித்தார்கள். 2003-இல் அது அமெரிக்காவின் கார்னிவல் கொம்பனியோடு இணைந்தது. தாய்க் கொம்பனியின் துறைமுகங்களும் டோவர் படகுகளும் 2006-இல் டுபாய்க்கு விலைப்பட்டன. இன்று பி அண்ட் ஓ படகுக்கும் பி அண்ட் ஓ உல்லாசக் கப்பலுக்கும் பெயர் மட்டுமே உறவு. ஆஸ்திரேலியாவில் இருந்த கிளையின் பெயரையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்னபூரணி தெரியுமோ?” என்றார்.

தெரியாமலா. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவி பெயரில் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றினார். எங்கள் ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். இதே அத்திலாந்திக்கில்.

“எங்கட ஆக்கள் ஆரும் புளோரன்ஸ் எண்டு சொன்னதில்லை” என்றார் மாமா. “கடைசி மட்டும் அன்னபூரணி அம்மாள்தான்.”

எட்டாம் நாள் – கடல்

பிஸ்கே இன்று குளம் மாதிரி. எனக்கும் பசிக்கிறது.

எங்கள் கேபினைப் பார்ப்பவர் கோவாக்காரர். அவருடைய அப்பாவும் பி அண்ட் ஓவில், தாத்தாவும் பி அண்ட் ஓவில். இது ஏதோ தற்செயல் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உணவு மண்டபமும் கேபினும் கோவாக்காரர்கள் கையில். தளத்தில் குஜராத், கொங்கண் கரை லஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள். இயந்திர அறை அடுப்பில் பஞ்சாபிகளும் பட்டாணியரும். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு பங்குதான் அவர்களுக்கு. படுக்கிற இடமும் குறைவு. தளத்துக் கூட்டத்துக்குத் தலைவர் செராங், அவருக்குக் கீழே டிண்டல். டிண்டல் என்பது எங்கள் தண்டயலேதான் என்பது மாமாவின் கட்சி. வல்வெட்டித்துறைக் கப்பல்களை நடத்திய தண்டயல்மாரின் பரம்பரைக்காரர் அப்படித்தானே சொல்வார்.

அந்தக் காலத்தில் சுற்றுலா வகுப்புக்காரர் கப்பலின் பின்பாதிக்குள் இருக்க வேண்டும். ஒரு கதவு இருந்ததாம். பித்தளைக் கைபிடி. பதினெட்டு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். நேற்றுப் பின்னேரம் நாங்கள் அணியத்துப் பக்கம் மேல்தளக் கண்ணாடி மண்டபத்தில் இருந்தபோது இதைச் சொன்னார். “இப்ப கதவு இல்லை, விலைப்பட்டியல்தான்” என்றேன். இன்று வகுப்பு கிடையாது. ஆனால் பால்கனி உள்ள அறைக்கு ஒரு விலை, ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு இன்னொரு விலை. நாங்கள் உள்ளறை.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கதையைப் புதைத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் பகட்டானது என்று பொருள்படும் ‘போஷ்’ என்ற சொல், பி அண்ட் ஓ டிக்கெட்டில் அடித்த நான்கு எழுத்திலிருந்து வந்ததாம். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், வெயில் படாத அறை. கேட்க அழகு. ஆனால் அப்படி அடித்த டிக்கெட் ஒன்றையும் இதுவரை யாரும் காட்டவில்லை. நேற்று மேசையில் அந்தப் பாட்டி இதைச் சொன்னபோது மாமா பணிவாகத் தலையாட்டினார். கேபினுக்கு வந்து, “எனக்கு அடிச்சுத் தந்தது ஒரு நம்பர்தான்” என்றார்.

ஒன்பதாம் நாள் – சவுத்ஹாம்ப்டன்

ஆறரைக்குக் கட்டியாயிற்று. ஏழுக்கெல்லாம் நடைபாதைகளில் துவைக்கப்போகும் படுக்கைவிரிப்புகள் மலைபோலக் குவிந்துவிட்டன. இன்று பின்னேரமே அடுத்த கூட்டத்தோடு கப்பல் புறப்படுகிறது. கோவாக்காரர் மாமாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஓடினார்.

மாமாவின் பேரப்பிள்ளை காரோடு வரவேண்டும். மாமாவின் தகப்பனார் கதிரவேலு. பேரப்பிள்ளையும் கதிரவேலுதான். வேலைத்தலத்தில் ‘கத்’. எங்கோ வாகன நெரிசலில் நிற்கிறான். முப்பத்தைந்து நிமிடம் பெட்டிகளோடு நின்றோம்.

மாமா கப்பலின் கடையார் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து போய் நின்றார். பெரிய எழுத்தில் ஆர்கேடியா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஹமில்டன். அது பெர்மியூடாவில் உள்ள ஊர், பதிவு அங்கேதான்.

“சவுத்ஹாம்ப்டன் எண்டு போட்டிருக்கலாம்” என்றார்.

படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவருக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தில் ஒரு மிதவைத் தட்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நீளக் கம்பின் முனையில் உருளையைக் கட்டி, நங்கூரத் துளையிலிருந்து வழிந்திருந்த துருக் கோட்டின் மேல், மேலிருந்து கீழாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.